இறுகிய போல்ட்டு

மூணாற்று மலையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது அவ்வூர். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையேறி வந்துவிட்டால், பிறகு மாதக்கணக்கில் மழையும் மூடுபனியுமே அங்கே ஆட்சி செய்யும். கவ்வாத்துக் கத்தியைத் துடைக்காமல் இரண்டு நாள் வைத்தால் அலகில் செம்புள்ளி கண்டுவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் நட்டுகளுக்கு எண்ணெய் காட்ட மறந்த பிட்டர், அடுத்த முறை ஸ்பானரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான். இத்தகைய ஊரில், மயிரிழை இடைவெளியில் ஒன்றோடொன்று பொருந்தி ஓடும் உறுப்புகளைக் கொண்ட துப்பாக்கி என்ன பாடு படும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூணாற்றுக்கும் துப்பாக்கிக்கும் நெடுநாள் உறவு உண்டு. இன்று வரையாடுகள் அச்சமின்றி மேயும் இரவிகுளம் ஒரு காலத்தில் தோட்டத் துரைமாரின் வேட்டைக்காடு. 1928இல் தோன்றிய ஹைரேஞ்சு வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் அந்நிலத்தை 1971 வரை மேற்பார்த்து வந்தது. முதுவர் குடியினர் காவலர்களாகப் பணியாற்றினர். 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டுக்கொள்ளச் சட்டம் இயற்றியது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரவிகுளம் 1975இல் சரணாலயமும் 1978இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. வேட்டை போனது நன்றே. ஆயினும் மழைநாட்டில் துப்பாக்கியை எவ்வாறு பேண வேண்டும் என்று அக்காலத்தார் அறிந்திருந்த பாடங்கள் இன்றும் பயனுடையன. காவல்துறையினர் கையில் துப்பாக்கி இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தேசிய மாணவர் படையில் சேர்ந்துள்ள நம் நண்பர்கள் கையிலும் அது அவ்வப்போது வந்து போகிறது. ஆகவே, போல்ட்டு இறுகிக்கொண்டால் அதனை ஊறின்றி விடுவிப்பது எப்படி என்பதை இங்கே ஆராய்வோம்.

போல்ட்டு என்பதைத் தமிழில் தாழ் எனலாம். கதவின் தாழ்ப்பாள் செய்யும் வேலையைத்தான் துப்பாக்கியில் அதுவும் செய்கின்றது. குழலின் பின்வாயில் தோட்டா அமரும் அறை இருக்கிறது. தோட்டா உள்ளே சென்றதும் போல்ட்டு அதன் பின்புறத்தை அடைத்துப் பூட்டிக்கொள்ளும். ஆனால் பட்டறையிலும் பயிற்சித் திடலிலும் தாழ் என்றால் ஒருவரும் திரும்பிப் பாரார். போல்ட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

விசையை இழுத்ததும், தோட்டாவின் பின்புறமுள்ள கேப்பை ஊசி குத்துகிறது, மருந்து பற்றிக்கொள்கிறது. அறைக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் நொடிப்பொழுது நிலவுகிறது. அப்போது பித்தளைக் கூடு பலூனைப்போல் உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு ஒட்டுவது நன்மையே. புகையும் நெருப்பும் பின்னோக்கிச் சுடுபவன் முகத்தில் அடிக்காமல் காப்பது அதுதான். குண்டு குழலைவிட்டு வெளியேறியதும் அழுத்தம் தணிகிறது. பித்தளைக்குள்ள மீள்திறனால் கூடு சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. போல்ட்டின் நுனியிலுள்ள கொக்கி அதன் விளிம்பைப் பற்றி வெளியே இழுத்தெறிகிறது. அறைச் சுவர் வழவழப்பாக இருக்கும்வரை இந்த ஒட்டுதலும் விலகுதலும் தடையின்றி நடக்கும். துரு அரித்து அங்கே நுண்குழிகள் விழுந்துவிட்டால், உப்பிய பித்தளை அக்குழிகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. பிறகு சுருங்கினாலும் விடுபடாது. போல்ட்டு இறுகுவதற்குப் பெரும்பாலும் மூலகாரணம் இதுவே.

பழைய லீ-என்பீல்டு .303 துப்பாக்கியில் இத்தொல்லை குறைவாகவும், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் மிகுதியாகவும் இருப்பது ஏன் என்று சிலர் வியக்கக் கூடும். விடை எளிது. லீ-என்பீல்டில் கைப்பிடியை மேலே தூக்கும்போது போல்ட்டு சுழல்கிறது. அந்தச் சுழற்சி ஒரு சாய்தளத்தின் மேல் நிகழ்வதால், திருகாணி மரையில் ஏறி இறங்குவதுபோல், நம் கைவலி பன்மடங்காகப் பெருகிக் கூட்டை முதலில் மெல்ல அசைத்துக் கொடுக்கிறது. இறுகிய போத்தல் மூடியைத் திருகித் திறப்பதும் நேராக இழுத்துத் திறப்பதும் ஒன்றா? அத்துடன் .303 தோட்டாவின் கூடு முன்னோக்கிக் குறுகிச் செல்லும் வடிவினது. ஒரு மயிரிழை பின்னுக்கு வந்தாலே எல்லாப் பக்கமும் சுவரை விட்டு விலகிவிடும்.

இச்சாப்பூர் தொழிற்சாலை செய்த 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜிய நாட்டு எப்.ஏ.எல். துப்பாக்கியின் வழிவந்தது அது. அதில் போல்ட்டு சுழல்வதில்லை. அதன் வால் கீழே சாய்ந்து ஓர் எஃகுப் படியில் முட்டிக்கொண்டு பூட்டுகிறது. குழலிலிருந்து சிறு துளை வழியே பிரியும் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் போல்ட்டைத் தாங்கும் சட்டத்தைத் தள்ள, சட்டம் சிறிது தூரம் வெறுமனே ஓடிய பின் போல்ட்டின் வாலைத் தூக்கிப் பூட்டை அவிழ்க்கிறது. இத்தனையும் வாயுவின் வேலை. இடப்பக்கமுள்ள கைப்பிடியோ சட்டத்தை நேராகப் பின்னுக்கு இழுக்கும் கொக்கி மட்டுமே. திருகாணியின் உதவி அதற்கு இல்லை. கூடு ஒட்டிக்கொண்டால் நம் கையின் நேரடி வலிமை ஒன்றுதான் துணை. இறுகிய போல்ட்டோடு போராடுபவர் பலர் இவ்வேறுபாட்டை அறியாமல், "இன்னும் கொஞ்சம் பலமாக" என்று சுத்தியலைத் தேடுகின்றனர்.

சுத்தியலைத் தேடும் நிலை ஒரு பேரரசின் படைக்கே வந்ததுண்டு. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் வியத்நாமில் அமெரிக்க வீரர்களுக்குப் புதிய எம்-16 துப்பாக்கி வழங்கப்பட்டது. தோட்டாவின் மருந்து வகை இடையில் மாற்றப்பட்டிருந்தது. புது மருந்து மிகுதியாகக் கசடு விட்டது. அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துப்புரவு செய்யக் கம்பியும் தூரிகையும் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. இத்துப்பாக்கிக்குத் துப்புரவே வேண்டாம் என்ற பேச்சு வேறு பரவியிருந்தது. அந்நாட்டு ஈரக்காற்றில் அறைகள் குழி விழுந்தன. கூடு உள்ளே சிக்க, கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப, குழல்வாய் வழியாகக் கம்பியை விட்டுக் குத்திக் கூட்டைத் தள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. போர்க்களத்தில் அதற்கு எதிரி நேரம் தருவானா? பலர் உயிரிழந்தனர். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று விசாரித்துக் கடுமையாகக் குறைகூறியது. பின்னர் அறைக்குக் குரோமியம் பூசினார்கள். துப்புரவுக் கருவிகள் வழங்கினார்கள். தொல்லை பெரிதும் தணிந்தது. வியத்நாமின் ஈரமும் மூணாற்றின் ஈரமும் இரும்புக்கு ஒன்றே. நம் நாட்டிலும் 1999இல் கார்கில் குளிரில் இன்சாஸ் துப்பாக்கி சிக்கியதாகவும் அதன் தோட்டாப் பெட்டி விரிசல் கண்டதாகவும் செய்திகள் வந்தன.

இனி, இறுகிய போல்ட்டின் முன் நிற்பவன் செய்ய வேண்டுவது யாது?

முதற்கண், உள்ளே உயிருள்ள தோட்டா இருக்கிறது என்றே கொள்ளல் வேண்டும். குழல்வாய் ஆள் இல்லாத் திசையை, சுடு திடலாயின் இலக்கு மேட்டை, நோக்கியபடியே இருக்கட்டும். விசையைவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். முகம் போல்ட்டுக்கு நேர்ப்பின்னே இருத்தல் ஆகாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்க முயல்வது பேதைமை. ஈரம் பட்ட தோட்டாவில் கேப்பின் பொறி மருந்தைப் பற்றச் சிறிது நேரம் பிடிக்கலாம். திறந்த அறையில் அது வெடித்தால் கூடு சிதறிக் கண்ணைப் பறித்துவிடும். குழலை அசைக்காமல் முப்பது நொடியேனும், நிதானம் உள்ளவர் ஒரு நிமிடமும், காத்திருத்தல் முறை. நெடுநேரம் சுட்டுக் குழல் கொதிக்கும்போது நிலைமை வேறு. அறையின் வெப்பமே தோட்டாவைத் தானாக வெடிக்கச் செய்யலாமாதலால், அப்போது திசையைக் காத்து விலகி நின்று ஆறவிடுவதே அறிவு. மெல்லிய ஓசையோடு வெடித்தது என்றால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக் கூடும். அடுத்த தோட்டாவை எக்காரணம் கொண்டும் சுடலாகாது.

அடுத்தது, கைப்பிடி எங்கே நிற்கிறது என்று பார்த்தல். பாதி திறந்து நிற்குமாயின் அது இறுகியதன்று, இடறியது. இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக நுழைந்திருக்கும். அல்லது வெளியேற வேண்டிய வெற்றுக்கூடு குறுக்கே மாட்டியிருக்கும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுத் தோட்டாப் பெட்டியைக் கழற்றினால் பெரும்பாலும் தானே உதிரும். பெட்டியின் உதடுகள் நெளிந்திருந்தால் மீண்டும் மீண்டும் இதே இடறல் வரும். பெட்டியை மாற்றுவதே மருந்து. போல்ட்டு முழுதும் மூடாமல் ஒரு விரற்கடை பின்தங்கி நின்றால், அதனை உள்ளங்கையால் அடித்து முன்தள்ளும் ஆசை எழும். அது வேண்டா. உள்ளே போக மறுக்கும் தோட்டாவை வலிந்து செலுத்தினால், அது வெளியே வரவும் மறுக்கும்.

முழுதும் மூடிய நிலையில் அசையாமல் நிற்பதே மெய்யான இறுக்கம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஏ.கே. வகைத் துப்பாக்கிகளில் காப்பு நெம்புகோல் மேலே இருக்குமானால், போல்ட்டு முழுதும் பின்வரவே விடாது. காப்பை இறக்காமல் இழுத்து இழுத்து வியர்த்து, துப்பாக்கி பழுது என்று சான்று கூறுவார் உண்டு. முதலில் இதனைச் சோதித்துக்கொள்வது மானத்தைக் காக்கும்.

காப்பு தடையில்லை என்றால், தோட்டாப் பெட்டியைக் கழற்றியபின் கைப்பிடியை அது ஓடும் கோட்டிலேயே நேராக, விரல்நுனியாலன்றி உள்ளங்கை விளிம்பால், இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை இழுத்தும் வராவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஏனெனில் இதற்கு மேற்செல்வது, உள்ளே இருப்பது சுட்ட கூடா, சுடாத தோட்டாவா என்பதைப் பொறுத்தது. சுட்டு முடித்த ஓசையைக் கேட்டு, இலக்கில் துளையையும் கண்டு, கூடு மட்டும் வெளிவராத நிலை என்றால் சுட்ட கூடு எனலாம். விசை இழுத்தும் ஓசை இல்லை எனில் உயிருள்ள தோட்டா. எதுவும் தெரியாது எனில், அதுவும் உயிருள்ள தோட்டாவே. உயிருள்ள தோட்டாவின் மேல் பூட்டிக்கிடக்கும் போல்ட்டைத் தட்டுவதோ, குழல்வாய் வழியாகக் கம்பியை விடுவதோ கூடாது. படைக்கல வினைஞரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சுட்ட கூடு என்று உறுதியான இடத்தில்தான் தோட்டத்துப் பிட்டரின் பொறுமை நமக்குத் துணைவருகிறது. இறுகிய நட்டை அவர் எப்படிக் கழற்றுகிறார்? இரவே துருநீக்கும் எண்ணெயை மரையில் ஊறவிடுகிறார். விடிந்ததும் நட்டின் பக்கங்களில் மெல்லத் தட்டுகிறார். அதன்பின்னரே ஸ்பானரை மாட்டுகிறார். துப்பாக்கியிலும் அவ்வாறே. துப்பாக்கியை முழுதும் ஆறவிட்டு, கூடு வெளியேறும் வாயில் வழியாகவும் சட்டம் ஓடும் தடத்திலும் ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, சில மணிநேரம் பொறுத்திருக்க வேண்டும். பின் மரத்துண்டு ஒன்றைக் கைப்பிடியின் அடியில், அதாவது அது சட்டத்தோடு சேரும் இடத்துக்கு இயன்றவரை அருகில் வைத்து, கொட்டாப்புளியால் பின்னோக்கித் தட்ட வேண்டும். ஒரே ஓங்கிய அடியைவிடப் பல சிறு தட்டுகள் மேல். கைப்பிடியின் நுனியில் அடித்தால் அது நெம்புகோலாகி வளையும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் எஃகு சிதைந்து பிசிறு எழும், அப்பிசிறு நாளைய சிக்கலுக்கு விதை.

படைவீரர் சிலர் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பூட்ஸ் காலால் மிதித்துத் திறப்பர். எதிரி எதிரே நிற்கும்போது அது மன்னிக்கத்தக்கது. நம் திடலில் அதற்கு இடமில்லை. குழல்வாய் மிதிப்பவன் முகத்தருகே வானோக்கி நிற்கும், மரக்கட்டை கழுத்தில் விரியும், கைப்பிடி முறியும். இவற்றினும் பெரிய தீங்கு, கொக்கி விளிம்பைக் கிழித்துவிட்டுப் போல்ட்டு மட்டும் திறந்துகொள்வது. கூடு உள்ளேயே தங்கிவிடும். அப்போதுதான் குழல்வாய்க் கம்பிக்கு வேலை. போல்ட்டு பூட்டியிருக்கும்போது கம்பியால் எவ்வளவு குத்தினாலும், கூடு பூட்டிய கதவின்மேல் மோதுமேயன்றி வெளிவர வழியேது? போல்ட்டைத் திறந்து நிறுத்தி, தோட்டாப் பெட்டியையும் கழற்றியபின், குழலுக்குப் பொருந்திய பித்தளைக் கம்பியை விட்டு மெல்லத் தட்டினால் கூடு பின்னே விழும். இரும்புக் கம்பி குழல்வாயின் விளிம்பையும் உட்புரிகளையும் கீறிவிடும். குறி தவறுவதற்கு அந்தக் கீறலே போதும்.

பிட்டரிடம் கற்க வேண்டாத ஒன்றும் உண்டு. நட்டு எண்ணெய்க்கும் மசியாவிட்டால் அவர் ஊதுவிளக்கை ஏற்றிச் சூடுகாட்டுவார். துப்பாக்கிக்கு நெருப்புக் காட்டுதல் கூடவே கூடாது. தோட்டா வெடிக்கும் என்பது மட்டுமன்று. போல்ட்டும் உடற்பெட்டியும் குறித்த வெப்பத்தில் பதமிடப்பட்ட எஃகு. அப்பதம் கெட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே வலிமை போயிருக்கும். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலை 1903ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகளைச் செய்தபோது, எஃகின் வெப்பத்தை அதன் நிறம் பார்த்துக் கண்ணாலேயே மதிப்பிட்டனர். சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. ஏன் என்று 1917ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தபோது, வெயில் மிகுந்த நாளில் காய்ந்த எஃகின் செம்மை கண்ணுக்கு மங்கித் தோன்றியதால், வேண்டியதைவிட மிகையாகச் சூடேற்றிவிட்டனர் என்பது வெப்பமானியால் வெளிப்பட்டது. கைதேர்ந்த தொழிலாளர் கண்ணே ஏமாந்த இடத்தில் நம் ஊதுவிளக்கு எம்மாத்திரம்?

சுடாமல் நெடுநாள் பெட்டியில் கிடந்து இறுகிய துப்பாக்கியும் உண்டு. அங்கே குற்றவாளி பழைய கிரீஸ். ஆண்டுகள் செல்ல அது அரக்குப்போல் கெட்டியாகும். மலைக்குளிர் அதனை மேலும் இறுக்கும். அறை வெறுமையா என்பதை வினைஞர் உறுதி செய்தபின், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் அரக்கு கரையும். இதற்குச் சுத்தியலே வேண்டியதில்லை. ஒரு பகற்பொழுது பொறுமை போதும்.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமன்று, அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். மாணவர் படையின் துப்பாக்கி நம் உடைமையுமன்று. போல்ட்டு இறுகினால் கையை உயர்த்திப் பயிற்றுநரை அழைப்பதே மாணவன் கடமை. மேலே சொன்ன எண்ணெய், கொட்டாப்புளி வேலைகள் அவர் கண்முன்னே, அவர் சொற்படி நடக்க வேண்டியவை. பின் ஏன் இவ்வளவும் மாணவர் அறிய வேண்டும் எனலாம். பக்கத்தில் ஒருவன் துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றிக் காலைத் தூக்கும்போது, "நிறுத்து" என்று சொல்ல அறிந்தவன் ஒருவனாவது அருகில் இருக்க வேண்டுமல்லவா?

போல்ட்டு திறந்தாயிற்று. வெளிவந்த கூட்டை எறிந்துவிடாதீர்கள். நோயைச் சொல்லும் நாடி அது. கூட்டின் உடலில் சிறு புள்ளிகளும் கோடுகளும் பதிந்திருந்தால் அறையில் துருக்குழி இருக்கிறது. கேப்பு தட்டையாக நசுங்கியிருந்தால் அழுத்தம் மிகையாயிற்று. அந்தத் தோட்டாக் கட்டையே ஒதுக்கத்தக்கது. விளிம்பு கிழிந்திருந்தால் கொக்கியின் கூர்மையையும் அதன் சுருள்வில்லையும் பார்க்க வேண்டும்.

துருக்குழிக்குக் காரணம் மழை மட்டுமன்று, மருந்தும்தான். பழைய .303 தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலில் படியும். நம் சமையலறை உப்பின் உடன்பிறப்பு அது. மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பை அரிக்கும். இதனை எண்ணெயோ மண்ணெண்ணெயோ கரைக்காது. உப்பைக் கரைப்பது தண்ணீர். எனவேதான் அக்காலத்துப் படையினர் சுட்டு முடித்தவுடன் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றினர். துருப்பிடிக்கும் என்று அஞ்சுகிற பொருளுக்குள் தண்ணீரை ஊற்றுவது முரணாகத் தோன்றும். ஆனால் உப்பைக் கழுவிக்கொண்டு போவதும், சூட்டினால் உடனே உலர்வதும் அக்கொதிநீரின் இரட்டைப் பயன். மூணாற்று உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். தேநீருக்கு அது குறையோ என்னவோ, குழலுக்குப் போதும்.

தோல் உறையில் துப்பாக்கியை வைத்துப் பூட்டுவது அழகாக இருக்கலாம். ஆனால் தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டும். மழைக்காலத்தில் உறையைவிடத் திறந்த சட்டமே நல்லது. வெளிப்பனியில் குளிர்ந்த துப்பாக்கியை அடுப்பெரியும் அறைக்குள் நேரே கொண்டுவந்தால், குளிர்ந்த கண்ணாடிக் குவளையைப்போல் அதன்மேல் நீர் துளிர்க்கும். வெளியே துடைத்தாலும் போல்ட்டுக்குள் துளிர்த்தது தங்கிவிடும். சற்று நேரம் சூடில்லாத இடத்தில் வைத்து, பிறகு போல்ட்டைக் கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூச வேண்டும். மீண்டும் சுடுவதற்கு முன்பு அறையிலுள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் முற்றும் துடைத்துவிட வேண்டும். அறையில் எண்ணெய் இருந்தால் உப்பிய கூடு சுவரைப் பற்றிக்கொள்ளாது. அது தாங்க வேண்டிய அழுத்தத்தின் பங்கும் சேர்ந்து போல்ட்டின் முகத்தில் போய் மோதும்.